காதில் விழுந்த குற்றங்கள் – 9: சாம் ஸ்பேடைத் தீர்த்துக்கட்டியது யார்?

1950 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் சாம் ஸ்பேட் அன்றைய வழக்கை முடித்தான். வழக்கம்போலச் செயலாளர் எஃபியிடம் அறிக்கையை ஒப்பித்தான், விடைபெற்றான். போன வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 24. அதே என்.பி.சி. செலவை ஏற்றதும் அதே தலை எண்ணெய்க் கம்பெனிதான். துப்பறிவாளன் மட்டும் வேறு ஆள். பெயர் சார்லி வைல்டு.

நாலு வருடம் நாட்டையே ரேடியோ முன்னால் உட்கார வைத்த ஒருவன் ஒரே வாரத்தில் எப்படிக் காணாமல் போவான்? அவன் சுடப்படவில்லை, யாரும் அவனைக் கடத்தவில்லை. விபத்து என்றுகூடக் கதை கட்டவில்லை. தொடரும் போட வேண்டிய இடத்தில் முற்றும் போட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் இந்த வாரத்து வழக்கு.

முதலில், போனவன் யார் என்பதைப் புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம் ஸ்பேட், டாஷியல் ஹாமெட் என்ற எழுத்தாளரின் படைப்பு. அவனும் தொடர்கதையில் பிறந்தவன்தான். ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவு விலைப் பத்திரிகையில் 1929 செப்டம்பர் தொடங்கி 1930 ஜனவரி வரை ஐந்து பகுதிகளாக வந்த ‘மால்டீஸ் ஃபால்கன்’ கதையின் நாயகன். 1941ல் அது ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த படமாயிற்று. 1946 ஜூலை 12 அன்று ஸ்பேட் வானொலித் தொடரானான். குரல் கொடுத்தவர் ஹோவர்டு டஃப். எஃபியாக நடித்தவர் லூரீன் டட்டில்.

ஹாமெட்டுக்கு இந்தத் தொழில் புத்தகம் படித்து வந்ததில்லை. 1915ல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, இடையில் ராணுவத்துக்கும் காசநோய்க்கும் போக மிச்சமிருந்த வருடங்களை அங்கே கழித்தவர். பிங்கர்ட்டன் என்றால் தொப்பி, பூதக்கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் கூலிக்கு அமர்த்திய படையும் அதுவே. 1892ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர்களோடு துப்பாக்கிச் சண்டை போட்டவர்கள் அவர்கள். 1984ல் திருப்பூரில் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், பிங்கர்ட்டன் ஆட்களை எந்தப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கிய ஹாமெட், பின்னாளில் இடதுசாரியானார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வானொலி ஸ்பேடின் எழுத்து ஹாமெட்டுடையது இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1934க்குப் பிறகு அவர் ஒரு நாவல்கூட முடிக்கவில்லை. பெயரைக் கொடுத்தார், வாரா வாரம் காசோலை வாங்கிக்கொண்டார். நாடகம் எழுதியவர்கள் பாப் டால்மனும், ‘ஜேசன் ஜேம்ஸ்’ என்ற பெயரில் ஜோ ஐசிங்கரும். 1947ல் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. இயக்கம் வில்லியம் ஸ்பையர். ஒரு காலத்தில் ஹாமெட்டின் பெயரைத் தாங்கி மூன்று தொடர்கள் ஒரே சமயத்தில் ஓடின: ‘சாம் ஸ்பேட்’, ‘தின் மேன்’, ‘ஃபேட் மேன்’. ஒல்லி மனிதர் ஒரு நிலையத்தில், குண்டு மனிதர் இன்னொரு நிலையத்தில். குண்டு மனிதரின் நாடகத்துக்கு விளம்பரம் கொடுத்தது எது தெரியுமா? வயிற்றுக் கோளாறு மருந்து.

தனியார் துப்பறிவாளனுக்கும் வானொலிக்கும் ஏன் இப்படிப் பொருந்திப்போனது? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: அவன் ‘நான்’ என்று பேசுகிறவன். போலீஸ் கதையில் நாலு பேர் வேண்டும், ஜீப் வேண்டும், ஸ்டேஷன் வேண்டும். இவன் ஒற்றை ஆள். மாடிப்படி ஏறினேன், கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, கேட்கிறவன் அவனோடு படியேறிவிடுகிறான். ஸ்பேட் நாடகத்தில் இதற்கு அழகான ஓர் ஏற்பாடு இருந்தது. தொலைபேசி மணி அடிக்கும். எஃபி எடுப்பாள். இதோ வருகிறேன் என்பான் ஸ்பேட். அலுவலகத்துக்கு வந்து, தன் உரிமம் எண் 137596 என்று தொடங்கி, வழக்கு முழுவதையும் அவளுக்கு ஒப்பிப்பான். அவள் சுருக்கெழுத்தில் எடுப்பாள். கதை முழுக்க ஒரு குமாஸ்தா வேலை. கொலைகாரனைப் பிடித்தபின் அறிக்கை எழுதினால்தானே பில் போட முடியும்? நேரலையில் நடித்தார்கள். கைத்துப்பாக்கி, கார் கதவு, மழை எல்லாம் ஸ்டுடியோவின் ஒரு மூலையில் நின்ற ஒலிக்கலைஞரின் கையில்.

அந்த எண் 137596 பலருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட ஆளைத் தூக்க யாருக்கு மனம் வரும்?

*

முதல் சந்தேகம் பணம் கொடுத்தவர் மேல்தான் விழ வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து வைல்ட்ரூட் கம்பெனி. தயாரிப்பு: ஆண்களுக்கான கிரீம் எண்ணெய். தலை படியும், பொடுகு போகும் என்று வாக்குறுதி.

அந்நாளைய அமெரிக்க வானொலியில் விளம்பரதாரர் இரண்டு நிமிடம் வாடகைக்கு வாங்கிப் பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. அரைமணி நேரம் முழுவதும் அவர் சொத்து. நடிகர் யார், கதை என்ன, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எல்லாவற்றிலும் அவர் வாய் இருக்கும். வைல்ட்ரூட் அதற்கும் மேலே போயிற்று. செய்தித்தாள்களில் சாம் ஸ்பேடை வைத்துப் படக்கதை விளம்பரமே வெளியிட்டது. அதில் ஸ்பேட் குற்றவாளியையும் பிடிப்பான், எண்ணெயையும் சிபாரிசு செய்வான். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை.

கம்பெனியின் விளம்பரப் பாட்டில் ‘சார்லி’ என்று ஒருவனைக் கூப்பிட்டு எண்ணெய் வாங்கச் சொல்வார்கள். புது நாயகனுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பாட்டிலிருந்து சார்லி, புட்டியிலிருந்து வைல்டு. கூச்சமே படவில்லை. எஃபி என்ற செயலாளர் பாத்திரத்தையும் அவனிடம் அனுப்பிவைத்தார்கள். நடித்தவர் ஜார்ஜ் பெட்ரி.

அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் நெடுஞ்சாலை கோவை–கரூர் சாலையில் வந்து முட்டுகிற எங்கள் அவிநாசிபாளையத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பையர் போன் போட்டு, சரக்கு அப்படியே இருக்கட்டும், கழுத்து லேபிளை மட்டும் பிரித்துவிட்டு வேறு வைத்துத் தையுங்கள் என்பார். செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காவுக்குக்கூடக் காரணம் தெரியாது. உள்ளே ஏதோ வில்லங்கம் என்று மட்டும் தெரியும். வைல்ட்ரூட் செய்ய நினைத்தது அதுதான். ஆனால் துணி வேறாகிவிட்டது. டஃபின் குரல் இல்லை, ஸ்பையரின் கை இல்லை. கேட்டவர்கள் தொட்டவுடன் கண்டுபிடித்தார்கள்.

கடிதங்கள் குவிந்தன. எங்கள் ஸ்பேடைக் கொண்டு வா என்று என்.பி.சி.க்கு எழுதினார்கள்.

சரி, லேபிளை ஏன் பிரித்தார்கள்? நன்றாக விற்கிற சரக்கை நிறுத்த எந்த வியாபாரியும் சும்மா துணிய மாட்டான்.

*

இங்கே ஒரு நிமிடம் நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். 1950ல் கொங்கு நாட்டில் ரேடியோ வைத்திருந்த வீட்டுக்காரர் என்ன கேட்டிருப்பார்? சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் வந்துவிட்டன. கோவைக்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரேடியோ பெட்டிக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பெட்டி வாங்குவதும் லேசில்லை. கோவையின் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941லேயே சொன்னார் என்றால், வெளிநாட்டுப் பெட்டியின் விலை எங்கே இருந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

துப்பறியும் கதைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு. ஸ்பேட் காணாமல் போன அதே 1950ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியா’ரைப் படமாக்கி, எம்.என். நம்பியாரைப் பல வேடங்களில் திரையில் விட்டது. ஆனால் அகில இந்திய வானொலியில் விளம்பரம் கிடையாது. 1967 நவம்பரில் விவித் பாரதியின் வர்த்தக ஒலிபரப்பு பம்பாயில் தொடங்கும்வரை எந்த எண்ணெயும் எந்த சோப்பும் அதில் நுழைய முடியவில்லை. 1952ல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டையே ஓரங்கட்டினார். ஜனங்கள் சிற்றலையில் இலங்கை வானொலிக்குப் போனார்கள்.

அரசாங்கம் நடத்துகிற வானொலியில் காசுக்கு வேலை செய்யும் தனியார் துப்பறிவாளன் வாரா வாரம் வந்து போலீசை முட்டாளாக்குவதற்கு அதிக வாய்ப்பில்லை. அது நமக்கு இழப்பு என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பேடின் கதையைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. அவன் கழுத்திலும் கயிறு இருந்தது. பிடித்திருந்த கை வேறு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கதைக்குச் சற்று வெளியே. ரேடியோ நாடகம் என்பது கை வேலையாக இருக்க, காது சும்மா இருப்பவர்களுக்கானது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் பல்லடத்து விசைத்தறி, இன்னொரு பக்கம் திருப்பூர் பனியன். தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. ஸ்பேட் வந்தாலும் பிழைக்க முடியாது. ஓவர்லாக் மிஷின் ஓடும் இடத்தில் அரைகுறையாகக் கேட்கும். அயர்னிங் டேபிளில் முழுசாகக் கேட்கும். வானொலித் தொடர்களுக்கு ஒரு ரசிகர் மன்றம் அமைப்பதாக இருந்தால் அயர்ன் மாஸ்டர்களைத்தான் தலைவராகப் போட வேண்டும்.

*

இப்போது இரண்டாவது சந்தேகம். அது ஆள் இல்லை, புத்தகம்.

1950 ஜூன் 22 அன்று நியூயார்க்கில் ‘ரெட் சேனல்ஸ்’ என்று ஒரு புத்தகம் வெளியானது. அட்டையில் ஒலிவாங்கியை நெருங்கும் ஒரு சிவப்புக் கை. உள்ளே வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள் 151 பேரின் பெயர்கள். ஒவ்வொருவரும் எந்தக் கூட்டத்துக்குப் போனார், எந்த மனுவில் கையெழுத்திட்டார் என்ற குறிப்புகள். இவர் கம்யூனிஸ்ட் என்று நேரடியாக எழுதவில்லை. பெயருக்குக் கீழே பட்டியல் போட்டு, முடிவை உங்களிடமே விட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 25ல், கொரியப் போர் வெடித்தது. அதற்கு மேல் அந்தப் புத்தகத்துக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

அந்த 151 பேரில் ஆர்சன் வெல்ஸ் உண்டு. டாஷியல் ஹாமெட் உண்டு. ஹோவர்டு டஃபும் உண்டு. பெயரைத் தந்தவர், குரலைத் தந்தவர், இருவருமே சிக்கிக்கொண்டார்கள்.

புத்தகம் வந்த ஜூனிலேயே ஸ்பேடைத் தூக்கவில்லையே, செப்டம்பர் வரை ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு இன்னொரு வழக்கைப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஆல்ட்ரிச் ஃபேமிலி’ தொடரின் புதுப் பருவம் தொடங்க இருந்தது. அம்மா வேடத்துக்கு ஜீன் மியூர் என்ற நடிகை. அவர் பெயர் ‘ரெட் சேனல்ஸ்’ பட்டியலில் இருந்தது. விளம்பரதாரர் ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனிக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வந்தன. உடனே அந்த வார நிகழ்ச்சியே ரத்து, மியூருக்கு வேலை போயிற்று. கம்பெனி சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அவர் கம்யூனிஸ்ட் என்று அது சொல்லவில்லை. சர்ச்சைக்குரியவர் ஆகிவிட்டார், சர்ச்சை விற்பனைக்கு ஆகாது என்றது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை யாரும் விசாரிக்கவே இல்லை. விசாரிப்பது அவர்கள் வேலையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஸ்பேட் போனான். கம்பெனிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று பயந்துகொண்டிருந்த மூன்று வாரங்கள் அவை. வைல்ட்ரூட் ஒரேயடியாக நிகழ்ச்சியை விட்டு ஓடியிருக்கலாம். அது அப்படிச் செய்யவில்லை. வேறு பெயரில், வேறு நடிகரை வைத்து, துப்பறிவாளனைத் தொடர்ந்தது. துப்பறியும் நாடகம் சலித்துவிட்டது என்றால் சார்லி வைல்டு எதற்கு? ஸ்பேட் போனபின் கம்பெனிக்கு இல்லாமல் போனவை இரண்டே இரண்டு பெயர்கள்: ஹாமெட், டஃப். ஹாமெட்டின் பெயரை நிகழ்ச்சியில் சொல்வதை அதற்கும் முன்பே நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

முடியவில்லை. புத்தகத்தைப் போட்டது யார் என்று பார்க்காமல் விட்டுவிட்டோமே.

பதிப்பகத்தின் பெயர் ‘அமெரிக்கன் பிசினஸ் கன்சல்டன்ட்ஸ்’. ‘கவுண்டர்அட்டாக்’ என்று வாரச் செய்தி மடல் ஒன்றை நடத்திய நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் மூன்று பேர்: கென்னத் பையர்லி, ஜான் கீனன், தியோடர் கிர்க்பாட்ரிக். மூவரும் எஃப்.பி.ஐ.யில் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள். அரசு வேலையை விட்டுவிட்டு, பழைய அனுபவத்தை வைத்து, தனியாகக் கடை போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆட்களின் பின்னணியைத் துருவுகிற தொழில். இந்தத் தொழிலுக்கு என்ன பெயர் என்று எட்டு வாரமாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

தனியார் துப்பறிவாளர்கள்! பழைய பிங்கர்ட்டன் ஆள் ஒருவர் கற்பனையில் செய்த துப்பறிவாளனை, நிஜத் துப்பறிவாளர்கள் மூவர் கடையைக் கட்ட வைத்தார்கள். ஸ்பேட் தன் வழக்குகளில் பொய்சாட்சியை முகத்துக்கு நேரே மடக்குவான். இந்த மூவருக்கு சாட்சியே தேவைப்படவில்லை. எண்ணெய்க் கம்பெனி கூலியை நிறுத்தியது, நிலையம் வாயை மூடிக்கொண்டது. ஆனால் பெயரைக் காட்டிக் கொடுத்த விரல் அந்த நிறுவனத்துடையது.

*

கடிதங்களுக்குப் பலன் கிடைத்தது. 1950 நவம்பர் 17 அன்று ஸ்பேட் திரும்பி வந்தான். ஸ்பையர் இயக்கினார், லூரீன் டட்டில் மறுபடியும் எஃபியானார். எண்ணெய் இல்லை. ஹாமெட் பெயர் இல்லை. டஃபும் இல்லை, ஸ்பேடின் குரல் ஸ்டீவ் டன் என்ற இளைஞருடையது. பாவம், கெட்டிக்காரர்தான், ஆனால் குரலில் பால் மணம் மாறவில்லை. 1951 ஏப்ரல் 27 அன்று கடை நிரந்தரமாக மூடியது.

அதே வசந்தத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் ஒருவன் விடைபெற்றான். பி.பி.சி.யில் 1946 முதல் வாரநாள் மாலைகளில் கால்மணி நேரம் வந்து, ஒன்றரைக் கோடிப் பேரை மூச்சுப் பிடிக்க வைத்த டிக் பார்ட்டன் 1951 மார்ச் 30 அன்று முடிந்தான். அங்கே விளம்பரதாரர் கிடையாது. பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. பார்ட்டன் குடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்று நிலையமே சட்டதிட்டம் வகுத்திருந்தது. அவனுடைய நேரத்தைப் பிடித்தது ‘ஆர்ச்சர்ஸ்’ என்ற விவசாயக் குடும்பத் தொடர். உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் உழவர்களுக்கு நாலு நல்ல யோசனை சொல்வதற்காகத் தொடங்கியது. துப்பாக்கி போய்க் கலப்பை வந்தது. நம் வானொலி 1960களில் பண்ணை நிகழ்ச்சிகளில் பாடம் எடுக்க, தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நிலைத்ததை நினைத்தால், அந்தக் கலப்பையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஆர்ச்சர்ஸ்’ இன்றைக்கும் ஓடுகிறது.

1951 முடிவதற்குள் ஹாமெட்டின் மூன்று தொடர்களும் காற்றிலிருந்து இறங்கிவிட்டன. வருமானம் போயிற்று. ஆனால் அவருடைய சொந்தக் கதை அப்போதுதான் சூடு பிடித்தது.

ஹாமெட், சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஜாமீன் நிதிக்கு அறங்காவலர். 1949ல் தண்டிக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர்கள் 11 பேருக்கு அந்த நிதிதான் 2,60,000 டாலர் கட்டி ஜாமீன் எடுத்திருந்தது. 1951 ஜூலை தொடக்கத்தில் அவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டிய நாளில் ஏழு பேர்தான் வந்தார்கள். நாலு பேர் தலைமறைவு. அவர்களை ஒளித்து வைத்திருப்பது ஜாமீனுக்குப் பணம் போட்டவர்களில் யாரோ என்பது அரசுத் தரப்பின் சந்தேகம்.

ஜூலை 9. நியூயார்க் நீதிமன்றம். நீதிபதி சில்வெஸ்டர் ரையன். கூண்டில் டாஷியல் ஹாமெட், வயது 57, இரண்டு உலகப் போர்களிலும் சீருடை அணிந்தவர், நுரையீரல் பாதி போனவர். ஆயுள் முழுக்கப் பிறரைக் கேள்வி கேட்கிற ஆட்களைப் பற்றி எழுதியவரிடம் இப்போது கேள்வி கேட்கிறார்கள். கேள்வி எளிமையானது: நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார்? பெயரைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் சிறை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பணம் கொடுத்த ஒருவர் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்று ஹாமெட் தன்னிடம் சொன்னதாக, அவருடைய நெடுநாள் துணை லில்லியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். அப்படியானால் ‘தெரியாது’ என்ற ஒரே சொல் போதும், வெளியே வந்துவிடலாம்.

ஹாமெட் அந்தச் சொல்லைச் சொன்னாரா? அடுத்த வாரம்.

(தொடரும்)